பக்கம் புரட்ட ஒரு மரக்கரண்டி

கை சரியில்லாதவர்களுக்குப் படிப்பது சிரமமே இல்லை. புத்தகத்தை ஸ்டாண்டில் வைத்துவிட்டால் கண் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போகும். கடைசி வரிக்கு வந்ததும் ஒரே ஒரு தாளைப் பிரித்து அந்தப் பக்கம் போட வேண்டுமே, அங்கேதான் வண்டி நின்றுவிடும். யாரையாவது கூப்பிட வேண்டும். சமையல் நடந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். நாலு தடவை கூப்பிட்டதும் கூப்பிடுகிறவருக்கே கூச்சமாகிவிடும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டி.வி.யைப் போடச் சொல்லிவிடுவார்.

நான் மதுரையில் புத்தக பைண்டிங் வேலை பார்க்கிறவன். கிழிந்ததைத் தைப்பதும், அட்டை போடுவதும், ஓரம் வெட்டுவதும் பிழைப்பு. என் அக்காவுக்குச் சரவாங்கி, அதாவது முடக்குவாதம். விரல் முட்டிகள் வீங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் விறைப்பு விட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே வெயில் ஏற வேண்டும். ஆனால் அவள் படிப்பதோ விடியற்காலையில். மரக்கரண்டியில் அவளுக்காகச் செய்ததுதான் பக்கம் புரட்டும் இந்தக் குச்சி. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தேன், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றி. செய்முறையை எழுதிவிட்டால் அவரவரே செய்துகொள்ளலாம், தச்சு வேலை எதுவும் இதில் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விரலை ஓரளவு நீட்டி மடக்க முடிந்து, தோல் வறண்டதால் மட்டும் தாள் வழுக்குகிறது என்றால் இந்தக் குச்சி வேண்டாம். வங்கி காசாளர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் புள்ளி புள்ளியான ரப்பர் உறை ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். அதுவே போதும். ஈர ஸ்பாஞ்சைத் தொட்டுப் புரட்டுவது நோட்டு எண்ண சரி, புத்தகத்துக்கு ஆகாது. எச்சில் அதைவிட மோசம். எங்களிடம் வரும் பழைய புத்தகங்களில் கீழ் மூலை மட்டும் பழுப்பேறி, மெலிந்து, தொட்டால் பிய்ந்து வருவதற்குத் தலைமுறை தலைமுறையாகத் தொட்ட எச்சிலும் ஒரு காரணம். டேப்லெட்டில் படித்துப் பழகிவிட்டவர்களுக்கும் இது தேவையில்லை. ஆனால் கையிலிருக்கும் எல்லாப் புத்தகமும் டேப்லெட்டில் கிடைப்பதில்லை. ஐம்பது வருஷமாகப் பாராயணம் செய்த புத்தகத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார் என்று ஒருவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வராது.

தாள் எப்படிப் புரள்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். உங்கள் கட்டைவிரலையே கவனியுங்கள். வலப்பக்கத் தாளின் ஓரத்தில் விரலை வைத்து லேசாகப் புத்தகத்தின் முதுகை, அதாவது தாள்கள் சேரும் பக்கத்தை, நோக்கித் தள்ளுகிறீர்கள். ஒரு முனை முதுகில் தைக்கப்பட்டிருப்பதால் தாளுக்குப் போக இடமில்லை, நடுவில் மேடாக எழும்புகிறது. மேடு எழும்பியதும் தாளின் ஓரம் உள்ளே நகர்ந்து விரலை விட்டு நழுவுகிறது. நழுவிய ஓரம் விரலுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது விரல் தாளுக்கு அடியில். பிறகு அந்தப் பக்கம் தள்ளுவது ஒன்றுமே இல்லை.

ஆக வேலை இரண்டு. ஒன்று, ஒரே ஒரு தாளை மேடாக்குவது. இன்னொன்று, அதன் அடியில் நுழைவது. ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் குச்சி ஒன்று அக்கா வீட்டில் கிடக்கிறது. முனையில் பட்டாணி அளவு ரப்பர். அது முதல் வேலையை நன்றாகவே செய்கிறது, தாள் அழகாக மேடாகிறது. குச்சியை எடுத்த உடனே தாள் பழையபடி படுத்துக்கொள்கிறது. "இழுக்குது, விட்டா படுத்துக்குது. எனக்குக் கையே இல்லாதப்ப இதுக்கு வேற இன்னொரு கை வேணுமாம்" என்றாள். பென்சில் பின்னாடி இருக்கும் அழிப்பானை வைத்துப் புரட்டச் சொல்கிறவர்களும் உண்டு. இன்னொரு கை உதவிக்கு இருக்கிறவர்களுக்கு அது சரிப்படும். மேடான இடத்தில் மறு கையின் முட்டியை நுழைத்துக்கொள்ளலாம். ஒரே கைதான், அதுவும் முழுசாக இல்லை என்கிறவர்களுக்கு அது உதவாது.

முனைக்குப் பதில் உருளை என்றால் கதையே மாறிவிடுகிறது. ரப்பர் சுற்றிய ஓர் உருளையைத் தாளின் ஓரத்தில் படுக்க வைத்து, இருந்த இடத்திலேயே திருகினால், அடிப்பக்கம் தாளை உள்ளே இழுக்கும். ஓரம் உருளையைத் தாண்டியதும், உருளையின் பக்கவாட்டு ரப்பர் மேலே போய்க்கொண்டிருப்பதால் அந்த ஓரத்தையும் மேலே ஏற்றி விட்டுவிடும். கட்டைவிரல் செய்ததையே செய்கிறது. கிள்ள வேண்டாம், பிடிக்க வேண்டாம், திருகினால் போதும்.

செய்முறை

நான்ஸ்டிக் பாத்திரத்துக்கு விற்கிறார்களே, தட்டை முனை உள்ள மரக்கரண்டி, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காம்பு உருண்டையாக இருக்க வேண்டும். பட்டையான காம்பு உதவாது. மொத்த நீளம் ஓர் அடி இருந்தால் நல்லது. கரண்டியைத் தலைகீழாகப் பிடிக்கப் போகிறோம். கிளறும் தட்டைப் பக்கம் கைப்பிடி, காம்பின் நுனி உருளை.

தட்டைப் பக்கத்தைக் கைப்பிடி ஆக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உருண்டைக் குச்சியைத் திருக, விரல்களால் இறுக்கிப் பிடித்தாக வேண்டும். முட்டி வீங்கியவர்களால் முடியாத காரியமே அதுதான். தட்டையான பலகை உள்ளங்கையில் படிந்திருந்தால், பூட்டில் சாவியைத் திருகுவது மாதிரி, பிடியே இல்லாமல் முன்கையின் திருப்பத்திலேயே முழுக் குச்சியும் சுற்றும்.

கரண்டியை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தட்டைப் பக்கத்து ஓரங்களை மழுங்கும்வரை தேய்க்க வேண்டும். பிறகு காம்பின் நுனியில், கடைசி ஐந்து ஆறு செ.மீ. நீளத்துக்கு, பழைய வேட்டித் துணியை ஐந்து செ.மீ. அகல நாடாவாகக் கிழித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஃபெவிகால் தடவினால் போதும், நடுவில் தடவினால் காய்ந்து கட்டையாகிவிடும். உருளை கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் தாளோடு படியும். சுற்றி முடித்ததும் குறுக்களவு ஒன்றரை செ.மீ. வர வேண்டும். இந்த அளவைக் கண்டபடி வைக்கவில்லை. ஒன்றரை செ.மீ. உருளைக்குச் சுற்றளவு சுமார் 4.7 செ.மீ. கால் சுற்றுத் திருகினால் தாள் ஒன்றே கால் செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நகரும். மணிக்கட்டும் முன்கையும் விறைத்தவர்களால் கால் சுற்றுக்கு மேல் திருக முடிவதில்லை. வெறும் பென்சில் பருமன் என்றால் அதே கால் சுற்றுக்கு அரை செ.மீ.தான் நகரும். தாளின் ஓரம் வெளியே வராது.

துணி காய்ந்ததும் ரப்பர். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையில் சிறிய அளவு வாங்கி, சுண்டுவிரலை அடியோடு வெட்டி, மூடிய நுனி வெளிப்பக்கம் இருக்கும்படி உருளை மேல் மாட்டுங்கள். இந்தக் கையுறைகளின் விரல் பகுதியில் சொரசொரப்பாக அச்சுப் பதித்திருப்பார்கள், அது நமக்கு வசதி. தளர்வாக இருந்தால் துணியை இன்னும் ஒரு சுற்று கூட்டுங்கள். உறை கொஞ்சம் விரிந்து ஏறுவதுதான் சரியான பொருத்தம். வாயை மெழுகு தடவிய நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ரப்பர் பேண்டு போட்டாலும் நிற்கும். ஆனால் எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு அது இளகிப் பிசுபிசுத்து, ஏதாவது ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மாட்டுவதற்கு முன்னால் அந்த விரலை உள்ளும் வெளியும் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். புதுக் கையுறையில் தூளோ வழவழப்போ இருக்கும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு "வழுக்குதே" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

வேறு ரப்பர் போடலாமா என்று கேட்பீர்கள். சைக்கிள் டியூப் கறுப்பு, தாளில் கோடு இழுக்கும். அதைக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட அழிப்பானை வெட்டி ஒட்டினால் துகள் உதிரும், பென்சிலில் எழுதி வைத்த குறிப்பையும் சேர்த்து அழித்துவிடும். சுவரில் படம் ஒட்டும் களிமண் மாதிரியான பசையைச் சிலர் சொல்கிறார்கள், வேண்டவே வேண்டாம். அது தாளில் எண்ணெய்க் கறை விடும். அந்தக் கறையை எடுக்க எங்களாலும் ஆகாது. இரட்டைப்பக்க டேப்பும் அப்படியே. ரப்பர் பட்டால் தோல் அரிப்பவர்களுக்குச் சமையலறை சிலிக்கான் பொருள் எதிலிருந்தாவது ஒரு துண்டு வெட்டிச் சுற்றலாம். பிடிப்பு கொஞ்சம் குறைவு, அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். ஆனால் வெயிலுக்கும் வருஷத்துக்கும் அசையாது.

கடைசியாகக் கைப்பிடி. ஏசி செம்புக்குழாய் மேல் போடும் கறுப்பு ஃபோம் குழாய் ஒரு சாண் வாங்கி, நீளவாக்கில் கீறி விரித்து, தட்டைப் பக்கத்தின் இரண்டு முகத்திலும் ஒட்டி, மேலே துணி சுற்றித் தைத்துவிடுங்கள். கை முழுதும் வலுவிழந்தவர்களுக்கு இதோடு ஒரு வேலை கூடுதல். ஐந்து செ.மீ. அகல எலாஸ்டிக் நாடாவை வளையமாக்கி, புறங்கையைச் சுற்றி வெல்க்ரோவில் ஒட்டும்படி கைப்பிடியோடு தைத்துவிட்டால், விரல் மடங்கவே வேண்டாம். கை போகிற இடத்துக்குக் குச்சியும் போகும். இறுக்கமாகப் போட்டுவிடாதீர்கள், ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

எல்லாம் வாங்கினாலும் ஒரு சின்னத் தொகைதான். பாதிப் பொருள் வீட்டிலேயே இருக்கும்.

புரட்டும் விதம்

புத்தகம் சாய்வாக நிற்க வேண்டும். புத்தகத்தை விரித்துச் சாய்த்து வைக்கும் சிக்குப்பலகை இருந்தால் நல்லது. முஸ்லிம் வீடுகளில் குர்ஆன் ஓத வைக்கும் ரெஹாலும் அதே வேலைதான். சாய்வு ரொம்ப செங்குத்தாக இருந்தால் மேடாக்கிய தாள் சரிந்து திரும்பி வந்துவிடும். மடியில் தலையணை வைத்துப் பாதிச் சாய்வில் நிறுத்துவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது. அடியில் புத்தகம் நழுவாமல் இருக்க, அலமாரித் தட்டில் விரிக்கும் வலை மாதிரியான ரப்பர் விரிப்பு ஒரு துண்டு போடுங்கள்.

குச்சியை உங்கள் பக்கமிருந்து மேல்நோக்கி நீட்டுங்கள். உருளை வலப்பக்கத் தாளின் கீழ்ப் பாதியில், வலது ஓரத்துக்கு இணையாக, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே தள்ளிப் படுக்கட்டும். அழுத்த வேண்டாம். குச்சியின் சொந்த எடையோடு கையின் எடை கொஞ்சம் போதும். இப்போது வலப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். வலது கை என்றால் உள்ளங்கை கீழே பார்த்தபடி தொடங்கி, கட்டைவிரல் மேலே வரும்வரை. தாள் நகர்ந்து நடுவில் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பும். ஓரம் உருளையைத் தாண்டும்போது ஒரு சின்ன 'டப்' கேட்கும், தாள் குச்சியின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். திருகுவதை அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அப்படியே குச்சியை இடப்பக்கம் கொண்டுபோய்த் தாளைப் படுக்க வைத்து, உங்களை நோக்கி உருவிக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் இரண்டு தாள் சேர்ந்து வரும். எல்லோரும் உடனே செய்வது இன்னும் அழுத்துவது. அழுத்தினால் ரப்பருக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிடிப்பு மட்டும் கூடுவதில்லை, மேல் தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே உள்ள பிடிப்பும் சேர்ந்தே கூடுகிறது. லாபம் ஒன்றுமில்லை. கையை இளக்கி, இன்னும் மெதுவாகத் திருகிப் பாருங்கள். அப்படியும் இரண்டு வந்தால் குற்றம் குச்சியில் இல்லை, புத்தகத்தில்.

புத்தகத்தைத் தயார் செய்வது

என் அனுபவத்தில் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. குச்சி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

புதுப் புத்தகத்தின் ஓரங்களைப் பாருங்கள். வெட்டும் மிஷினின் கத்தி மழுங்கியிருந்தால் நூற்றுக்கணக்கான தாள்களின் ஓரம் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். படிக்கிறவரிடம் கொடுப்பதற்கு முன் வீட்டில் யாராவது ஒருவர் புத்தகத்தை வளைத்துப் பிடித்து, கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை சரசரவென்று ஓட்டிவிட வேண்டும். முன்னிருந்து பின், பின்னிருந்து முன். தாள்களுக்கு நடுவே காற்றுப் புகுந்தாலே பிரிவது சுலபமாகிவிடும். மழைக்காலத்தில் இதைத் தினமும் செய்ய வேண்டும், ஈரம் குடித்த தாள் துவண்டு ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். தினமும் எத்தனை பக்கம் படிப்பார் என்று தெரியும்தானே? அந்தப் பக்கங்களை மட்டும் காலையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனால், பகல் முழுக்க அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

அடுத்தது முதுகு. இப்போது வரும் பெரும்பாலான புத்தகங்கள் பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது தையலே இல்லாமல் முதுகில் சூடான பசையில் ஒட்டியவை. பசை இறுகியதும் விறைப்பாகிவிடும். திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். புரட்டிய தாள் திரும்பி வரும். நடுவில் பிளந்து அமுக்கினால் முதுகு வெடித்துத் தாள் கழன்றுவிடும். முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றித் திறந்து, முதுகோரத்தில் விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். அப்புறம் கொஞ்சம் இணங்கும். பிரிவு பிரிவாக மடித்துத் தைத்த பழைய புத்தகங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. திறந்த இடத்தில் படுத்துக்கொள்ளும்.

திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகம் என்றால் என் யோசனை வேறு. முதுகை வெட்டி எறிந்துவிட்டு ஸ்பைரல் போடுங்கள். ஒரு பைண்டர் இதைச் சொல்வதா என்று கடையிலேயே கேட்டிருக்கிறார்கள். படிக்க முடியாத அழகான புத்தகத்தைவிடப் படிக்க முடிகிற ஸ்பைரல் புத்தகம் மேல். ஜெராக்ஸ் கடையிலேயே செய்து தருவார்கள். நானூறு பக்கப் புத்தகத்தை நாலாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், எடையும் குறையும். ஸ்பைரல் தாள் வளையத்தில் தளர்வாகத் தொங்குவதால் பாதித் திருகிலேயே புரளும், திரும்பி வராது. வெட்டும்போது உள் மார்ஜின் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். துளை எழுத்தில் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தாளின் நார் ஓடும் திசையும் ஒரு விஷயம். நார், முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழ் ஓடினால் தாள் சுலபமாக வளைந்து புரளும். குறுக்கே ஓடினால் அட்டை மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். வாங்கும்போது ஒரு பக்கத்தை லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எடையிலும் வித்தியாசம் உண்டு. பாடப்புத்தகம், நாவல் எல்லாம் பெரும்பாலும் எழுபது ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) பக்கத்தில் இருக்கும், குச்சிக்கு அருமையாக வசப்படும். வழுவழு ஆர்ட் பேப்பர் கனம், அதன் மேல் பூசிய வெள்ளைப் பூச்சு ரப்பரில் மாவாகப் படியும், பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லும். பைபிள் போன்றவற்றில் வரும் மெல்லிய தாள்தான் ரொம்பக் கஷ்டம். மேடாக எழும்ப வேண்டிய தாள் அங்கே கசங்கிவிடும். அதற்குத் திருகுவதைக் குறைத்து, உருளையைக் கீழ் மூலையில் வைத்து மூலையை மட்டும் எழுப்பப் பாருங்கள்.

புரட்டிய பக்கம் நிற்க, எலாஸ்டிக் நாடாவை அட்டையோடு சேர்த்து மேலிருந்து கீழ் மாட்டுவார்கள். அதையே கை உதவாதவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுத்து மாட்ட முடியாது. இடப்பக்கத்துக்கு ஒரு கனமான பட்டை, பழைய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றில் துணி சுற்றியது, சிக்குப்பலகை விளிம்பில் சாய்த்து வைத்தால் போதும். குச்சியாலேயே அதைத் தள்ளி ஏற்றி இறக்கலாம்.

செய்தித்தாள்

தினசரிதான் முதலில் கேட்பார்கள், அதுதான் கடைசியாக வசப்படும். தாள் பெரியது, மெலிசு, தைக்கவும் இல்லை. வந்த உடனே நடு மடிப்பில் மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுங்கள், புத்தகமாகிவிடும். பிறகு குறுக்கே பாதியாக மடித்து, மேல் பாதியைப் படித்ததும் கீழ் பாதி. இதற்கு மேல் அதைப் பணிய வைக்க எனக்கு வழி தெரியவில்லை. மை ரப்பரில் ஏறும், செய்தித்தாளுக்கென்று ஓர் உறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே புத்தகத்தில் வைத்தால் பக்கத்துக்குப் பக்கம் கறுப்புத் தடம்தான்.

ஆளுக்கு ஏற்ற மாற்றம்

சரவாங்கிக்காரர்களுக்குக் குச்சி லேசாக இருக்க வேண்டும், கைப்பிடி பருமனாக. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு நேர் எதிர். எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பார்க்கின்சன். லேசான குச்சியைக் கொடுத்தபோது அது தாளின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. "தம்பி, இது புரட்டாது, தந்திதான் அடிக்கும்" என்றார். கைப்பிடி ஃபோமுக்கு உள்ளே நாலு இரும்பு வாஷரைக் கட்டிக் கொடுத்ததும் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. எடை எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல முடியாது, சிலருக்குக் கை சீக்கிரம் அசந்துவிடும். முதலில் ஃபோமுக்கு வெளியே டேப்பில் ஒட்டிப் பார்த்துவிட்டு, உதவினால் உள்ளே வையுங்கள்.

பக்கவாதத்தில் வலது கை போனவர்கள் இடது கையால் செய்யும்போது, திசை அதேதான், ஆனால் கை நேர்மாறாகத் திரும்பும். கட்டைவிரல் மேலே இருக்கும்படி தொடங்கி, உள்ளங்கை கீழே வரும்வரை திருக வேண்டும். கால் சுற்றுதான் கிடைக்கும். உருளையை இன்னும் கொஞ்சம் பருமனாக்கிக் கொடுங்கள்.

தொடு உணர்ச்சி குறைந்த கைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்த வைத்தியம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் கைகளில் வரும் புண்களில் பெரும்பகுதி நோயால் நேராக வருவதில்லை, வலி தெரியாததால் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதாலும் சூட்டையும் கூர்மையையும் உணராததாலும் வருகிறது என்று கண்டு சொன்னவர் அவர். சாதாரண ஸ்குரூ தலையும் மரச் சிலாம்பும் அந்தக் கைக்கு ஆபத்து. சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் குச்சியில் ஆணி, கம்பி எதுவும் வேண்டாம். படித்து முடித்ததும் வீட்டில் ஒருவர் உள்ளங்கையைப் பார்த்துவிட வேண்டும், சிவந்த தடம் இருந்தால் அந்த இடத்தில் ஃபோம் போதவில்லை என்று அர்த்தம்.

கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாதவர்களுக்கு வாயில் கவ்விப் புரட்டும் குச்சி உண்டு. அதை வீட்டில் செய்யாதீர்கள். பல் முழுவதும் எடை பரவும்படி கவ்வும் பகுதியை அளவெடுத்துச் செய்ய வேண்டும், இல்லையென்றால் முன்பல் ஆடிப்போகும். ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பழக்கும் சிகிச்சை) பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வேலூரிலேயே 1966இல் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் உட்காரும் தெரபிஸ்ட்டுகளுக்கு இந்த மாதிரிக் கேள்வி புதிதில்லை. நம் கரண்டிக் குச்சியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், உங்கள் கைக்கு எது நீளம், எது கனம் என்று என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

அரபு, உருது புத்தகங்களுக்கு எல்லாமே இடம் வலம் மாறும். உருளையை இடப்பக்கத் தாளின் இடது ஓரத்தில் படுக்க வைத்து, இடப்பக்கமாகத் திருகி, வலப்பக்கம் தள்ள வேண்டும். வேறு மாற்றம் இல்லை.

பராமரிப்பு

ரப்பர் வழுக்க ஆரம்பித்தால் தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் தாள் தூசிதான். காகிதம் செய்யும்போது சுண்ணமும் களிமண் பொடியும் கலக்கிறார்கள், அதுதான் வெள்ளையாகப் படிகிறது. ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எடுங்கள். ஈரத்தோடு வைத்தால் தாள் சுருங்கிவிடும். எண்ணெய்க் கையோடு உருளையைத் தொடக் கூடாது, தைலம் தேய்த்துக்கொள்கிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. குச்சியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உறையை விரலால் இழுத்துப் பாருங்கள், நுண்ணிய வெடிப்புத் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். கையுறையின் மீதி விரல்கள் இருக்கின்றன. மோதிர விரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் பருமன், அவற்றுக்குத் துணியை ஒரு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மட்டும் வளைந்திருக்கும், இந்த வேலைக்கு ஆகாது.